புகார்ப் பெட்டியின் சாவி: சிறைத் துறை மேலதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவிலிருந்து, ஓய்வு பெற்ற சிறைக் காவலன் எழுதுகிறேன். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து தலைமைக் காவலராக வெளியே வந்தவன். எந்தச் சிறை, எந்த அதிகாரி என்று எழுதப் போவதில்லை. பெயர் போட்டால் அந்த ஒருவரை மட்டும் வேறு ஊருக்கு மாற்றிவிட்டு ஃபைலை மூடிவிடுவீர்கள்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும்போதெல்லாம் என் கையில் இரண்டு பை இருக்கும். ஒன்று எனக்கு. இன்னொன்று எங்கள் சிறை அதிகாரிக்கு, நாங்கள் 'அய்யா' என்று கூப்பிடுகிறவருக்கு. அதில் மட்டி வாழைப்பழம், ஏத்தங்காய் சிப்ஸ், குளச்சல் நெத்திலிக் கருவாடு. அவர் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. "என்னப்பா, உங்க ஊர்ல மட்டி காய்க்கலையா?" என்பார், அவ்வளவுதான். ஒருமுறை வெறுங்கையோடு போனேன். அடுத்த பதினைந்து நாளும் ராத்திரி காவல் கோபுரத்தில் பாரா. ஐப்பசி மழை வேறு. அதற்கப்புறம் நான் மறந்ததே இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் படேல் பிறந்த நாளை ஒட்டி ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம் வருகிறதல்லவா? லஞ்சம் வாங்க மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்று வரிசையில் நின்று உறுதிமொழி எடுப்போம். அவர் வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். கணீரென்ற குரல். ஒரு வருஷம் உறுதிமொழி முடிந்து கலைந்தபோது பார்த்தேன்: அன்று காலையில் நான் கொண்டுவந்த மட்டிக்குலை அவர் ஜீப்பின் பின்சீட்டில் சாய்ந்து கிடந்தது. டிரைவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் ஊர்ப் பக்கம்தான் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாய், பின்னால் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி அந்தக் கோட்டைக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார். அய்யா வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் அவரிடம் இதைச் சொன்னேன். அடுத்த காந்தி ஜெயந்தி விழாவில் கைதிகள் முன்னால் அதையே பேசினார். "கைதியாக வந்தவர் தளபதியானார், நீங்களும் மாறலாம்" என்றார். நல்ல கைதட்டல். சீருடைக்காரன் ஏன் அவர் வீட்டுச் செடிக்குத் தண்ணீர் விட்டான் என்பதை யாரும் கேட்கவில்லை. காவல் துறையில் அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை நிறுத்தும் ஆர்டர்லி முறையை ஒழித்து 1979லேயே அரசாணை வந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் மறுபடியும் அதைச் சொல்லித் திட்ட வேண்டியிருந்தது. நம் துறையில் என்ன நிலை என்பதை அய்யா வீட்டுச் செடிகளைத்தான் கேட்க வேண்டும்.

பழமும் செடியும் சின்ன விஷயம் என்று தோன்றலாம். அந்த ருசிதான் கேட்டுக்கு வெளியே நிற்கிற அம்மாவிடம் போய் முடிகிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்டனை ஆகிவிட்டால் வீட்டார் ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி, வெளி மாவட்டச் சிறைக்குத்தான் மனு பார்க்க, அதாவது கைதியைச் சந்திக்க, வர வேண்டும். கடற்கரை ஊர் அம்மா ஒருவர் இருட்டோடு கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்து, பதினொரு மணிக்கு வரிசையில் நின்றார். மகனுக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரி பிளாக்குக்கு மாற்ற வேண்டும் என்றார். மாற்றலாம், ஆனால் 'செலவு' ஆகும் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னவன் நான். சேலை முந்தியில் முடிந்திருந்த நோட்டுகளை அவர் அவிழ்த்தபோது மீன் வாடை வந்தது. அதில் என் கையில் எதுவும் நிற்கவில்லை என்பதை இன்றைக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு என்ன சொல்கிறது? சிறை அதிகாரி எவரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ கைதியோடு எந்தப் பண விவகாரமும் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவனுக்கே அந்தப் பயம் இருந்திருக்கிறது.

அப்புறம், செல்போன். பிளாக்கில் போன் பிடிபட்டால் அன்றைக்கே யாரோ ஒரு காவலருக்கு மெமோ, அடுத்து 17(பி) என்கிற ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டு, சில சமயம் சஸ்பெண்ட். போன் உள்ளே எப்படி வந்தது? கேட்டில் என் டிபன் கேரியரை அடுக்கு அடுக்காகத் திறந்து பார்ப்பார்கள். சாம்பாரில் கரண்டி விட்டுக் கலக்கியும் பார்த்திருக்கிறார்கள். பார்க்கட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் அதிகாரியின் கைப்பையை யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. தொட்டால் மறுநாள் கேட் டூட்டி இருக்காது. காவலர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை, பீடிக்கட்டுக்கு விலை பேசியவர்கள் எங்களிலும் உண்டு. தண்டனை மட்டும் எப்போதும் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். 2024இல் வேலூரில், ஆயுள் கைதியைச் சிறைத் துறை டி.ஐ.ஜி. வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, திருட்டுப் பழி போட்டு அடித்ததாகப் புகார் வந்தபோது, உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் டி.ஐ.ஜி. உட்பட 14 பேர் மீது சிபிசிஐடி வழக்குப் போட்டது. கைதியின் தாயார் கோர்ட் படி ஏறியிருக்காவிட்டால்?

இனி, புகார்ப் பெட்டி. 1979இல் திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதியை ஒரு தலைமை வார்டர் சித்திரவதை செய்ததைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் பணம் கறப்பதற்காக நடந்த சித்திரவதை அது. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும், அது மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றது.

நான் இருந்த இடத்திலும் பெட்டி இருந்தது. பச்சை பெயின்ட், மேலே ஒரு குறள். சாவி மட்டும் அலுவலகப் பலகையில், ஸ்டோர் ரூம் சாவிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. ஒருநாள் பெட்டியைத் துடைக்கச் சொன்னார்கள். திறந்தேன். பல்லி முட்டை இரண்டு, பீடிக்கட்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று. அய்யா வாசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இது யார் கையெழுத்து?" சீட்டில் என்ன எழுதியிருந்தது என்பது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. கையெழுத்துக்காரரைச் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்து பிளாக் மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் பல்லி மட்டும்தான் குடியிருந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து மாவட்ட நீதிபதியிடம் கொடுங்கள். கேட்டில் சோதனை என்றால் கண்காணிப்பாளர் பைக்கும் சோதனை, அவர் பெயரும் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். ஒரு போன் பிடிபட்டால் அன்றைக்கு மேலே பொறுப்பில் இருந்தவருக்கும் மெமோ போகட்டும். வீட்டு வேலைக்கு நிற்கிற காவலர்களைச் சிறைக்குத் திருப்பி அனுப்புங்கள். ஆள் பற்றாக்குறை என்கிற புலம்பலில் பாதி அங்கேயே தீரும்.

விசாரணை வைத்தால் கூப்பிடுங்கள், வருகிறேன். நான் செய்ததையும் சேர்த்தே எழுதித் தருகிறேன், பென்ஷனில் கை வைத்தாலும் சரி. இந்தமுறை மட்டிப்பழம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமைச் சிறைக் காவலர்,
கல்குளம் தாலுகா.