கோட்டோ-டு-லாக் போய் வந்தோம்

அன்புள்ள மகளுக்கு,

அக்காவும் மாப்பிள்ளையும் நேற்று என்னை கோட்டோ-டு-லாக்குக்கு அழைத்துப் போனார்கள். கனடாவில் மான்ட்ரியலுக்கு மேற்கே, காரில் கொஞ்ச தூரம்தான். பழைய படகுக் கால்வாய் ஒன்று அங்கே இருக்கிறது. ஷட்டர், மதகு என்றே நாள் முழுக்க நிற்கிற நீ பார்க்க வேண்டிய இடம் அது.

டெலில் என்ற சிற்றாறு அங்கே செயிண்ட் லாரன்ஸ் ஆற்றில் வந்து சேர்கிறது. அந்த இடத்தில் பெரிய ஆறு முன்பு பாறைகளில் மோதிச் சீறிக்கொண்டு போகும். மேலே போகிற படகைக் கயிறு கட்டி ஆட்கள் இழுப்பார்கள், முடியாவிட்டால் சரக்கை இறக்கித் தோளில் சுமப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கரையோரமாகக் கல் அடுக்கி ஒரு வாய்க்கால் ஒதுக்கிப் பார்த்தார்கள். அப்புறம் அமெரிக்கப் புரட்சிப் போர் வந்தது. நயாகரா, டெட்ராய்ட் கோட்டைகளில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு உணவும் வெடிமருந்தும் இந்த ஆற்று வழியாகத்தான் போக வேண்டும். ஆளுநர் ஹால்டிமண்ட் சொல்ல, ராணுவப் பொறியாளர் வில்லியம் ட்விஸ் 1779-ல் கால்வாய் வேலையைத் தொடங்கினார். வட அமெரிக்காவில் லாக் வைத்துக் கட்டிய முதல் கால்வாய் இது. லாக் என்றால் இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி, உள்ளே தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோவார்கள்.

நீளம் சுமார் 100 மீட்டர்தான். அதற்குள் மூன்று லாக்! அடிப்பக்கம் தட்டையான சரக்குப் படகு ஒன்று நுழைகிற அளவுக்கே அகலம். குனிந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் கல்சுவர், உள்ளே தண்ணீரே இல்லை. போஆர்னுவா மின்நிலையத்துக்கு ஆற்றின் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டதால் இங்கே நீர்மட்டம் இறங்கிவிட்டது. கால்வாய் வறண்டு கிடப்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் நிற்கிற கால்வாயில் இந்தச் சுவரை அடிவரை பார்த்திருக்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த 1812 போரில் இந்த இடத்தைக் கோட்டையாகப் பலப்படுத்தினார்கள். எட்டுப் பக்கம் கொண்ட காவல்வீடு ஒன்று நிற்கிறது, அது 1960-களில் திரும்பக் கட்டியது. மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டார். எனக்கு அதில் அவ்வளவாக மனம் போகவில்லை. மண் வாரும் இயந்திரம் இல்லாத காலத்தில், போர் நடக்கும்போதே, இந்தக் கால்வாயை வெட்டியவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பனிக்காலத்தில் மூடிவிடுவார்களாம், அதனால் கோடையில் லீவு போட்டு வா. ஒவ்வொரு லாக்கும் படகை எவ்வளவு உயரம் ஏற்றியிருக்கும் என்று நீயே அளந்து எனக்குச் சொல்லு.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா