எடை பார்க்காத விமானம்

கெய்ன்ஸ், ஆஸ்திரேலியா
ஜூலை கடைசி வாரம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல டாக்டர் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்துகொண்டிருக்கிறாயா என்று மட்டும் எழுதவில்லை. அண்ணி இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். எனக்குக் கால் பரவாயில்லை. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது மட்டும் கொஞ்சம் முனகுகிறது. இங்கே இதைக் குளிர்காலம் என்கிறார்கள். நம் ஊர் மார்கழி இதைப் பார்த்தால் சிரிக்கும்.

“அங்கே உட்கார்ந்துகொண்டு என்னதான் பார்க்கிறாய்?” என்று கேட்டிருந்தாய். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைச் சொல்கிறேன். பார்சல் ஆபீஸ் தராசோடு முப்பது வருஷம் காலம் தள்ளியவன் நீ. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

மகளும் மருமகனும் மரீபா என்ற ஊருக்கு அழைத்துப் போனார்கள். கெய்ன்ஸிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் ஒரு மணி நேரம். மேலே போனதும் தரை தட்டையாகிவிடுகிறது, ஈரமெல்லாம் போய் வறண்ட காடு வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் புகையிலைச் சீமை. இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் பயிரிட்டார்களாம். இப்போது புகையிலை போய் மாவும் காபியும் வந்திருக்கின்றன. சாலையோரத் தோப்பில் மா பூத்திருந்தது. காரின் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். அந்த வாசனையில் ஒரு நிமிஷம் உங்கள் கொல்லைப்புறத்தில் நின்றேன் என்று வைத்துக்கொள்.

ஊருக்கு வெளியே ஒரு விமானதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இங்கிருந்துதான் வடக்கே நியூ கினி பக்கம் போய்வந்தன. இப்போது சின்னச் சின்னத் தனியார் விமானங்கள். வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு மருமகன், “மாமா, 2020-இல் அந்தக் கொக்கேய்ன் விமானம் இங்கிருந்துதான் கிளம்பியது” என்றார். அப்புறம் எனக்கு மாம்பூவும் மறந்துவிட்டது, காபியும் மறந்துவிட்டது.

கதை இதுதான். 2020 ஜூலை 26. கொரோனாவால் எல்லையெல்லாம் மூடிக்கிடந்த காலம். செஸ்னா 402சி என்ற இரண்டு எஞ்சின் விமானம், ஒரே ஒரு விமானியோடு மரீபாவிலிருந்து கிளம்பிப் பாப்புவா நியூ கினிக்குக் கடல் தாண்டிப் போயிருக்கிறது. ராடார் கண்ணில் படாமலிருக்க மூவாயிரம் அடி உயரத்திலேயே பறந்ததாம். போர்ட் மோர்ஸ்பிக்கு வடக்கே பாப்பா லியா லியா என்ற இடத்தில் ஒரு திறந்த வெளியில் இறங்கி, சரக்கை ஏற்றிக்கொண்டு, திரும்பக் கிளம்பும்போது எழும்ப முடியாமல் விழுந்துவிட்டது. போலீஸ் போய்ப் பார்த்தபோது உள்ளே ஆளும் இல்லை, சரக்கும் இல்லை. இரண்டு நாள் கழித்து விமானி தானாகவே ஆஸ்திரேலியத் தூதரக அதிகாரிகளிடம் போய் நின்றார். அதற்கு மூன்று நாள் கழித்துச் சரக்கு அகப்பட்டது. 28 பைகள், 500 கிலோவுக்கு மேல். எட்டுக் கோடி ஆஸ்திரேலிய டாலர் பெறும் என்றார்கள். இந்தப் பக்கம் ஐந்து பேரைப் பிடித்தார்கள். ஆஸ்திரேலியப் போலீஸ் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் கூட்டத்தை ஆட்டிவைத்தது பேராசை என்று சொல்லி, சரக்கின் எடையால்தான் விமானம் எழும்பவில்லை என்பதையும் மறுப்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

500 கிலோ என்றால் நம் கணக்கில் ஏழு நெல் மூட்டை. ஏழு மூட்டை நெல்லை ஒரு வேனில் ஏற்றினால் டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பேத்தியின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மீனம்பாக்கத்தில் ‘லோட் ஷீட்’, அதாவது விமானத்தின் எடைக் கணக்குத் தாள், போட்ட கை சும்மா இருக்குமா? அந்த ரக விமானம் கிளம்பும்போது மொத்த எடை சுமார் 3,100 கிலோவைத் தாண்டக் கூடாது. வெறும் விமானம் ஏறக்குறைய 1,900. வீடு திரும்ப எண்ணெய் 450 என்று வை. விமானி 80. சரக்கு 500, பை பெட்டியோடு கொஞ்சம் கூட. கூட்டினால் மூவாயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது. “வரம்புக்குள்தானே இருக்கிறது, பிறகு ஏன் விழுந்தது?” என்று நீ கேட்பாய். நானும் பென்சிலைக் கடித்துக்கொண்டு அதைத்தான் கேட்டேன்.

வரம்பு என்பது விமானத்துக்குச் சொன்னது, தரைக்குச் சொன்னதில்லை. நாங்கள் படித்த பழைய விதி ஒன்று உண்டு. எடை பத்து சதவீதம் ஏறினால் ஓட வேண்டிய தூரம் இருபது சதவீதம் ஏறும். தார்ப்பாதைக்குப் பதில் காய்ந்த புல் என்றால் இன்னொரு இருபது. மண் இளகியிருந்தால் இருபத்தைந்தோ அதற்கு மேலோ. இவற்றைக் கூட்டக் கூடாது, ஒன்றை ஒன்றால் பெருக்க வேண்டும். நல்ல தளத்தில் 600 மீட்டரில் எழும்புகிற விமானம் இப்படிப்பட்ட இடத்தில் 1,080 மீட்டர் கேட்கும். வெயில் ஏறினால் அதற்குத் தனி. பாதையின் கடைசியில் மரம் நின்றால் அதற்குத் தனி. இதற்கு மேல், மூட்டைகளை எங்கே வைத்தார்கள் என்ற கேள்வி இருக்கிறது. பின்னால் குவித்துவிட்டால் வால் கனத்து மூக்கு தூக்கும். வேகம் வருவதற்கு முன்னால் மூக்குத் தூக்கிய விமானத்தை எந்தச் சாமியாலும் காப்பாற்ற முடியாது. அங்கே எப்படி அடுக்கினார்களோ. அவசரமாகத்தான் அடுக்கியிருப்பார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, ஆவ்ரோ விமானத்தில் மதுரைக்குப் போன அந்தக் கல்யாணக் கோஷ்டி? ஆள் உயரக் குத்துவிளக்கு இரண்டு, சாக்குப் பை சுற்றி. தராசில் வைத்ததும் முள் துள்ளியது. விளக்கை இறக்கினால்தான் கையெழுத்து என்று கேப்டன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பெண்ணின் தகப்பனார் அழாத குறை. நான்தான் இறக்கிவைத்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் போயிற்று. ஊரெல்லாம் என்னைத் திட்டினார்கள். எங்கள் வேலை முழுக்க அந்த ஒரு வார்த்தைதான்: இறக்கு.

அந்த வார்த்தையைச் சொல்ல பாப்பா லியா லியாவின் அந்தத் திறந்த வெளியில் யார் இருந்தார்கள்? எட்டுக் கோடியை ஐந்நூறால் வகுத்துப் பார்த்தேன். கிலோவுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலர். ஒரு பையை எடுத்துப் புல்லில் வை என்று விமானி சொன்னால், அவர் இறக்கச் சொல்வது ஒரு வீட்டின் விலையை அல்லவா! சரக்கின் சொந்தக்காரன் எங்கேயோ குளிர்சாதன அறையில் இருப்பான். ஏற்றுகிறவனுக்கு விமானம் தெரியாது. ஓட்டுகிறவனுக்குத் தெரியும், ஆனால் அவன் பேச்சு எடுபடாது. அந்தச் சுமையில் மிக மலிவான பொருள் அவன்தான் என்று எனக்குப் படுகிறது. கடைசியில் அவர்மேல் அங்கே முதலில் போட்ட வழக்கு என்ன தெரியுமா? அனுமதியில்லாமல் நாட்டுக்குள் நுழைந்தது. அந்த நாட்டுப் பணத்தில் மூவாயிரம் கினா அபராதம். அந்த நாட்டுப் போதைப்பொருள் சட்டம் 1952-ஆம் ஆண்டுக்காரது, இவ்வளவு பெரிய சரக்கை அது கனவிலும் கண்டதில்லை. 2021-இல்தான் புதுச் சட்டம் போட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை கேள். 2023 மார்ச்சில் அதே நாட்டில் புலோலோ என்ற மலையூரிலிருந்து இன்னொரு விமானம் நான் இருக்கும் இந்தக் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு வந்து பிடிபட்டது. அதில் இருந்தது மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள், 52 கிலோதான். விழாமல் வந்து சேர்ந்தது. எடை போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது! இந்தப் புலோலோ யார் என்று நினைக்கிறாய்? 1930-களில் தங்கம் அரிக்கும் ராட்சத இயந்திரங்களை, சாலையே இல்லாத அந்தப் பள்ளத்தாக்குக்கு யுங்கர்ஸ் விமானத்தில் கொண்டுபோனார்களே, அந்த ஊர். விமானம் தாங்குகிற அளவுக்கு ஒவ்வொரு இரும்பையும் துண்டாக்கி, எடை பார்த்து, எட்டு இயந்திரங்களை அப்படிக் கொண்டுபோய்ப் பூட்டியிருக்கிறார்கள். எங்கள் தொழிலுக்கு அது கோயில் மாதிரி. அங்கே இப்போது இந்தச் சரக்கு.

இப்படி விழுந்தவை உலகம் முழுக்கக் கிடக்கின்றன. 1976 டிசம்பரில் கலிபோர்னியாவில் யோசெமிட்டி மலைக்காட்டு ஏரியில் சுமார் 2,700 கிலோ கஞ்சாவோடு ஒன்று விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். பனி உருகும்வரை காத்திருப்போம் என்று அதிகாரிகள் திரும்பிப் போக, மலையேறும் பையன்கள் பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்து மூட்டை மூட்டையாகத் தூக்கிப்போனார்களாம். விமான எண்ணெயில் ஊறிய கஞ்சா, பற்றவைத்தால் குப்பென்று எரியுமாம். 1985-இல் ஆண்ட்ரூ தார்ன்டன் என்பவர், முன்னாள் போதைப்பொருள் தடுப்புப் போலீஸ்காரர், பைகளைக் காட்டில் வீசிவிட்டு, 35 கிலோ கொக்கேய்னை உடம்பில் கட்டிக்கொண்டு டென்னிசியில் குதித்தார். பாராசூட் கைவிட்டது. யாரோ ஒருவர் வீட்டு வாசலில் பிணமாகக் கிடந்தார். ஓட்ட ஆளில்லாத விமானம் பக்கத்து மாநிலத்தில் போய் மோதியது. வீசிய பையைக் கிழித்துத் தின்ற ஒரு கறுப்புக் கரடி ஜார்ஜியாவில் செத்துக் கிடந்தது. கரடி கதையைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தக் கரடிமேல்தான் இரக்கம்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2001 ஏப்ரல் 20, பெரு நாடு. கடத்தல் விமானம் என்று சந்தேகித்து, அமெரிக்க உளவுத்துறையின் கண்காணிப்பு விமானம் அடையாளம் காட்ட, பெருவின் போர் விமானம் ஒரு மிதவை விமானத்தைச் சுட்டது. அதில் இருந்தவர்கள் கிறிஸ்தவ ஊழியக் குடும்பம். ஒரு தாயும் அவள் மடியிலிருந்த கைக்குழந்தையும் இறந்தார்கள். காலில் குண்டு பட்ட விமானி அதை எப்படியோ அமேசான் ஆற்றில் இறக்கிவிட்டார். ஆற்றுமேல் பறக்கிற சின்ன விமானமென்றாலே கடத்தல்காரன் என்று எண்ணும்படி அந்த வானத்தைச் செய்துவைத்தவர்கள் யார்? சுட்டவனை மட்டும் குற்றம் சொல்லி என்னால் விட்டுவிட முடியவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

வேலிக்கு வெளியே நான் நின்றது கால் மணி நேரம் இருக்கும். ஒரு கிழவர் தன் ஒற்றை எஞ்சின் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இறக்கையைத் தடவினார், எண்ணெய் மூடியைத் திறந்து குச்சிவிட்டுப் பார்த்தார், மூடினார். பிறகு மனைவியின் கைப்பையை வாங்கி, கையிலேயே ஏந்தி எடை பார்த்துவிட்டுப் பின்சீட்டில் வைத்தார். எனக்கு அவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்க வேண்டும் போலிருந்தது. மகள் “அப்பா, போகலாமா” என்றாள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் ஊர் திரும்புகிறேன். மரீபா காபித் தூள் உனக்கு அரைக் கிலோ வாங்கிவைத்திருக்கிறேன். சிக்கரி கலந்து கெடுத்துவிடாதே. முப்பது கிலோவுக்குப் பெட்டி இப்போதே இருபத்தெட்டரை காட்டுகிறது. மகள் இன்னும் ஏதேதோ கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. விமானநிலையத்தில் யாராவது இறக்கச் சொன்னால் காபியைக் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.

அண்ணியிடம் சொல்லித் தைலத்தைத் தேய்க்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய லோட் ஷீட்காரன்