பைக் இருக்கட்டும், மணலைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் 'தி கிரேட் எஸ்கேப்' (1963) பற்றிய கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட நேசநாட்டு விமானப்படையினர், முகாமிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிய உண்மைக் கதையை வைத்து எடுத்த படம். பாதிக் கட்டுரை நடிகர் ஸ்டீவ் மெக்வீன் முள்வேலியைத் தாண்டும் பைக்கிலேயே போய்விட்டது. அந்தக் காட்சிக்கு விசிலடித்தவன்தான் நானும். ஆனால் நிஜத்தில் யாரும் பைக்கில் பறக்கவில்லை. சுரங்கம் வழியாக வெளியேறிய 76 பேரில் அமெரிக்கப் படைவீரர் ஒருவர்கூட இல்லை. அமெரிக்கர்களைச் சில மாதங்களுக்கு முன்பே வேறு வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். படத்தில் வேலியைத் தாண்டியதும் மெக்வீன் இல்லை, அவருடைய நண்பர் பட் எகின்ஸ்.

கட்டட வேலையில் முப்பது வருடம் அஸ்திவாரம் தோண்டிய எனக்கு, இந்தப் படத்தின் கதாநாயகன் மணல்தான். இன்று போலந்தில் இருக்கும் ஸாகன் முகாமில் மேலே சாம்பல் நிற மண், தோண்டினால் பளிச்சென்ற மஞ்சள் மணல். ஒரு பிடி சிந்தினாலும் குட்டு உடைந்துவிடும். கால்சட்டைக்குள் நீளப் பைகளைத் தொங்கவிட்டு, பாக்கெட்டுக்குள் கயிற்றை இழுத்து, காலடியில் கொட்டிய மணலைப் பூட்ஸால் தேய்த்துத் தோட்ட மண்ணோடு கலந்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நடப்பார்களே, அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. தோண்டும் சத்தம் கேட்க ஜெர்மானியர் மண்ணுக்குள் மைக் புதைத்திருந்ததால் சுமார் 30 அடி ஆழத்துக்கு இறங்கினார்கள். மணலில் முட்டுக் கொடுக்காமல் மூன்றடி போனாலே சரியும். சுமார் 4,000 கட்டில் பலகைகளை உருவியிருக்கிறார்கள்! காற்றுக்குழாய், செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய பால்பவுடர் டப்பாக்களை ஒன்றோடொன்று செருகியது.

அப்புறம், படத்தில் எங்கும் பச்சைப்பசேல். 1944 மார்ச் 24 இரவிலோ தரையெல்லாம் பனி. சுரங்க வாய் மரங்களுக்கு எட்டாமல் வெட்டவெளியில் திறந்துகொண்டது மட்டும் நிஜம். பிடிபட்டவர்கள் 73 பேர்; ஹிட்லர் உத்தரவில் அவருடைய ரகசியப் போலீஸான கெஸ்டபோ சுட்டுக்கொன்றது 50 பேரை. படத்தில் மொத்தமாக நிறுத்திச் சுடுகிறார்கள். உண்மையில் ஓரிருவராக, சிலராக, வெவ்வேறு இடங்களில். தப்பிக்கும் திட்டத்தின் தலைவர் ராஜர் புஷெலும் அந்த 50 பேரில் ஒருவர். அவரை வைத்து உருவாக்கிய பாத்திரத்தில் நடித்தவர், பிற்பாடு 'காந்தி' படத்தை எடுத்த அதே ரிச்சர்ட் அட்டன்பரோ.

தப்பிய மூவரை 'ஆங்கிலேய வீரர்கள்' என்று போட்டிருக்கிறீர்கள். சுவீடன் போய்ச் சேர்ந்த இருவர் நார்வேக்காரர்கள், ஸ்பெயின் வரை போனவர் டச்சுக்காரர். அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

– வாசகர், தஞ்சாவூர்