விற்கும் பட்டனுக்கு மேலே ஒரு வாசகம்: பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபி தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் மற்றவர்களுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்துகொடுப்பது என் பிழைப்பு. முன்பெல்லாம் சம்பளச் சான்றும் வீட்டுக்கடன் தாளும் கொண்டு வருவார்கள். இப்போது பாதிப் பேர் செல்போனை நீட்டுகிறார்கள். "கொஞ்சம் ஷேர் வாங்கி வித்தேன் சார். வரியெல்லாம் அவங்களே பிடிச்சுட்டாங்க."

அவர்கள் காட்டுவது, வாங்கி விற்றதற்குப் புரோக்கர் தரும் ரசீதான கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கும் எஸ்.டி.டி.யை, அதாவது பங்குப் பரிவர்த்தனை வரியை. 1 லட்சத்துக்கு டெலிவரியில் (அன்றே விற்காமல் கணக்கில் வைத்துக்கொள்ள) வாங்கினால் 100 ரூபாய், விற்றால் இன்னொரு 100. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அது போய்விடும். லாபத்துக்கான வரி அதோடு சேர்ந்ததில்லை. வங்கி வட்டியில் முன்கூட்டியே வரி (டி.டி.எஸ்.) பிடிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், புரோக்கரும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் வசிப்பவர் பங்கு விற்ற லாபத்தில் அப்படி யாரும் பிடிப்பதில்லை.

2025-26 கணக்குக்காக ஓர் இளைஞர் வந்தார். கழிவெல்லாம் போகச் சம்பளம் 8 லட்சம், பங்கு விற்ற லாபம் 50,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று கேட்டிருந்ததால் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அந்தத் தள்ளுபடி குறுகிய கால (வாங்கி 12 மாதத்துக்குள் விற்ற) பங்கு லாபத்துக்குச் செல்லாது. 20 சதவீதமும் அதன் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 10,400 ரூபாய் என்றதும் முகம் மாறிவிட்டது.

எப்போது வாங்கினார் என்று பார்த்தேன். விற்ற அன்றைக்கு 11 மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. மூன்று வாரம் பொறுத்து, 12 மாதம் தாண்டி விற்றிருந்தால் நீண்ட கால லாபம். அதில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரை வரியே கிடையாது, அதற்கு மேல்தான் 12.5 சதவீதம். அதற்குள் விலை இறங்கியிருக்கலாம், அது வேறு. ஆனால் அவருக்குப் பண அவசரம் ஒன்றும் இல்லை. பைக் வாங்கலாம் என்று விற்றாராம். பைக்கும் வாங்கவில்லை.

எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வியாபாரம்)-வுக்குள் நுழையும்போது, 10 பேரில் 9 பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று காட்டச் சொல்லி 2023-இல் உத்தரவிட்டீர்கள். நல்ல காரியம். ஆனால் நான் பார்த்த செயலிகளில் அது ஆங்கிலத்தில்தான் வருகிறது. ஓகே என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்படித் தட்டிய லேத் பட்டறைக்காரர் ஒருவர், இரண்டு வருட ஆப்ஷன் நஷ்டத்தை என்னிடம் சொல்லவே இல்லை. "நஷ்டம்தானே, அதை எதுக்குக் காட்டணும்?" என்றார். எஃப் அண்ட் ஓ நஷ்டம் தொழில் நஷ்டம். உரிய தேதிக்குள் காட்டியிருந்தால் 8 வருடம் வரை தொழில் லாபத்தில் கழிக்க வழியுண்டு. இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) என்றால் 4 வருடம், அதுவும் அதே மாதிரி ஊக வியாபார லாபத்தில் மட்டும். சம்பளத்தில் இரண்டையுமே கழிக்க முடியாது.

நான் கேட்பது சின்ன விஷயம். டெலிவரிப் பங்கை விற்கும் பட்டனுக்கு மேலே, அவரவர் மொழியில் ஒரே ஒரு வாசகம்: "இந்தப் பங்கை வாங்கி 11 மாதம் 9 நாள் ஆகிறது. இன்று விற்றால் குறுகிய கால லாபம். வரி 20 சதவீதம்." வாங்கிய தேதி புரோக்கரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இன்ட்ராடே, எஃப் அண்ட் ஓ என்றால் "இது தொழில் வருமானம், நஷ்டத்தையும் கணக்கில் காட்டவும்" என்று ஒரு வாசகம் போதும்.

வரி விஷயம் வருமான வரித் துறையின் வேலை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் அந்தத் துறை எங்களிடம் வருவது விற்று முடித்த பிறகு. விற்கும் நேரத்தில் கைக்குள் இருக்கிற செயலி, நீங்கள் ஒழுங்குபடுத்தும் புரோக்கருடையது.

தமிழ் வாசகம் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன். கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து வரிக்கணக்கு எழுதும் ஒருவன்