மாட்டுச் சங்கிலிக்குக் கண்ணி பற்றவைப்பது

துவாஸ், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். விடியுமுன் லாரி ஏறினால் தங்குமிடம் திரும்ப இருட்டிவிடுகிறது. யார்டில் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வெல்டிங் ஆர்க் வைக்க முடியாது. நெருப்புக் காவலுக்கென்றே ஓர் ஆள் பக்கத்தில் நிற்பார்.

நீ கேட்ட மாட்டுச் சங்கிலிக்கு 8 மி.மீ. சாதாக் கம்பி வாங்கு. கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி இவ்வளவு குறுக்கி வளைத்தால் விரிசல் விடும். இரண்டு 12 மி.மீ. கம்பியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் அதுதான் அச்சு. 8 மி.மீ. கம்பியைக் கரி உலையில் சிவக்கக் காய்ச்சி அந்த அச்சின்மேல் சுற்று. கண்ணிக்கு 87 மி.மீ. பிடிக்கும், ஒரு மீட்டர் சங்கிலிக்கு 42 கண்ணி, அறுப்புச் சேதாரத்தோடு 3.7 மீட்டர் கம்பி. நேர்ப்பக்கத்தில்தான் அறுக்க வேண்டும். வளைவில் அடுத்த கண்ணி உரசும், பற்றவைத்த இடம் அங்கே வரக் கூடாது.

அறுத்த முனைகளை அப்படியே சேர்த்து மேலே ஒரு கோடு இழுத்தால் ஒட்டின மாதிரி இருக்கும், உள்ளே ஒட்டாது. மாடு ஒருதரம் வெட்டி இழுத்தால் பிளந்துவிடும். முனைகளை இருபுறமும் கிரைண்டரில் சரித்து, 2 மி.மீ. இடைவெளி விடு. 2.5 மி.மீ. 6013 வெல்டிங் ராடு, 75 ஆம்பியர். ஒருபக்கம் நிரப்பி, கசடு தட்டி, பிரஷ் போட்டபின் மறுபக்கம். தானாக ஆறட்டும், தண்ணீரில் தோய்க்காதே.

எர்த் கிளாம்பை, அதாவது கரண்ட் மெஷினுக்குத் திரும்பும் கவ்வியை, பற்றவைக்கிற அதே கண்ணியில் மாட்டு. சங்கிலியின் மறுகோடியில் மாட்டினால் கரண்ட் கண்ணிக்குக் கண்ணி தாவித்தான் போகும். தொடுகிற இடமெல்லாம் பொறி பறந்து, கருநீல ஓரத்தோடு கடுகளவு குழி விழும். பிற்பாடு விரிசல் அந்தக் குழியிலிருந்துதான் கிளம்பும்.

ஐப்பசி மழையில் ராடு நமுத்துப்போகும், பற்று பொத்தல் பொத்தலாக விழும். தகர டப்பாவில் இறுக மூடி வை. துத்தநாகம் பூசிய கம்பியை அப்படியே பற்றவைக்காதே, அந்தப் புகை ராத்திரி குளிர்காய்ச்சலில் தள்ளும்.

கூடத்து ஊஞ்சலுக்கும் இதையே போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. சுமை தூக்கும் சங்கிலியைப் பாரம் கொடுத்து இழுத்துச் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். இங்கே வருஷம் ஒருமுறை பரிசோதிக்கவும் சட்டம் இருக்கிறது. நம் கொல்லையில் அப்படி இழுத்துப் பார்க்க வழியில்லை. பிள்ளைகள் ஆடுகிற ஊஞ்சல். மன்னார்குடியில் சோதித்த சங்கிலியாகக் கேட்டு வாங்கு.

வைக்கோல் போரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து வேலை செய். முடித்ததும் அரைமணி நேரம் அங்கேயே நின்று, எங்கேயும் கனல் இல்லை என்று பார்த்துவிட்டு உள்ளே போ.

அன்புடன்,
அண்ணன்