உருகுவது வேறு, உருமாறுவது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியான பாறைகள் பற்றிய கட்டுரை, உருமாறிய பாறைகள் நிலத்தடி வெப்பத்தில் உருகி மீண்டும் இறுகியவை என்று கூறுகிறது. உருகி இறுகினால் அது தீப்பாறை. உருமாற்றமோ பாறை திடநிலையில் இருக்கும்போதே நடப்பது.

கண்டங்களின் மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் உயர்கிறது. சுமார் 200 டிகிரியைத் தாண்டியபின், மேலிருக்கும் பாறைகளின் சுமையும் மலைகளை எழுப்பும் பக்கவாட்டு நெருக்குதலும் சேர்ந்துகொள்ள, பழைய கனிமங்கள் அச்சூழலில் நிலைத்திருக்க இயலாமல் போய், அவற்றின் அணுக்கள் மெல்ல இடம்பெயர்ந்து புதிய கனிமங்களாக அடுக்கமைகின்றன. துகள்களுக்கிடையே ஊடுருவும் நீர் இம்மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. பாதி உருகிய நிலையிலேயே நின்றுவிட்ட மிக்மடைட் என்னும் பாறையும் உண்டு என்பதால், எல்லைக்கோடு கத்தியால் கீறியதுபோல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

களிமண் படிந்து உருவான பாறை நெருக்குதலுக்கு உள்ளாகும்போது, அதில் புதிதாக வளரும் மைக்கா என்னும் பளபளக்கும் கனிமத்தின் தகடுகள் நெருக்கும் திசைக்குச் செங்குத்தாகப் படுத்துவிடுகின்றன. இப்படி உருவாகும் சிலேட் பாறை மெல்லிய பலகைகளாகப் பிளப்பது இதனால்தான். வெப்பம் மேலும் ஏறினால் அதுவே கண்ணுக்குத் தெரியும் மைக்கா மின்னும் ஷிஸ்ட் என்னும் பாறையாகி, கார்னெட் என்னும் கனிமத்தின் மணிகளும் அதில் முளைக்கும். எந்தக் கனிமம் எந்த வெப்பநிலையில் தோன்றும் என்ற இந்த வரிசையைப் புவியியலாளர் ஜார்ஜ் பேரோ 1893-இல் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் வரைபடமாகவே குறித்துக்காட்டினார்.

மணற்கல்லை உடைத்தால் முறிவு மணல்மணிகளைச் சுற்றிப் போகும்; அது உருமாறிய குவார்ட்சைட்டிலோ முறிவு மணிகளை ஊடறுத்தே போகும், அவ்வளவு இறுக்கமாக அவை ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் பெரும்பாலும் கால்சைட் என்னும் ஒரே கனிமம்தான். பளிங்கில் படிகங்கள் பெருத்து, சிப்பிகளின் தடம் அழிந்திருக்கும். சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீறாகிவிடும் சுண்ணாம்புக்கல், நிலத்தடி வெப்பத்தில் மட்டும் எப்படிப் பளிங்காகிறது என்ற கேள்வி ஒருகாலத்தில் அறிஞர்களையே திணறடித்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹால் என்பவர், சுண்ணாம்புக்கல் பொடியைத் துப்பாக்கிக் குழல்களில் அடைத்து மூடிச் சூடேற்றி, வாயு வெளியேற வழியில்லாதபோது அது பளிங்கைப் போன்ற கல்லாவதைக் காட்டினார்.

இன்னொன்று. கட்டுரையுடன் ‘கிரானைட்’ என்ற குறிப்போடு வெளியான படத்தில் கருமையும் வெண்மையுமாக வரிகள் ஓடுகின்றன. கிரானைட்டில் பொதுவாகக் கனிமங்கள் திசையின்றிக் கலந்திருக்கும். இவ்வாறு வரியோடியிருப்பது நீஸ் என்னும் உருமாறிய பாறை. திருத்தம் வெளியிடும்போது படக்குறிப்பையும் மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்