'பிற பாடங்கள்' கட்டத்துக்குள் சமூகவியல்

ஆசிரியருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்காக நீங்கள் வெளியிட்ட வழிகாட்டி இணைப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். அறிவியல் பிரிவுக்கு நான்கு பக்கம், வணிகவியலுக்கு இரண்டு, கலைப் பிரிவுக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் 'பிற பாடங்கள்' என்று ஒரு கட்டம் போட்டு, மனையியலுக்குப் பக்கத்தில் சமூகவியல் என்ற ஒற்றைச் சொல்லை வைத்திருந்தீர்கள். பெங்களூரில் இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த ஒற்றைச் சொல்லைக் கற்பித்துச் சம்பளம் வாங்கியவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பதைக் கர்நாடகத்தில் பி.யூ.சி. என்கிறோம். இரண்டு மொழிப்பாடம், நான்கு விருப்பப்பாடம். வரலாறு, பொருளாதாரம், அரசியல், சமூகவியல் நான்கும் சேர்ந்த தொகுதிக்கு எச்.இ.பி.எஸ். என்று பெயர். சேர்க்கை நாட்களில் கல்லூரி அலுவலகச் சன்னலோரம் நின்றால் இந்த எழுத்துகளின் மதிப்பு தெரியும். எழுத்தர் மதிப்பெண் பட்டியலை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எச்.இ.பி.எஸ். போடட்டுமா?" என்று கேட்பார். மருத்துவர் கெட்ட செய்தி சொன்னதுபோல் அப்பாவின் முகம் தொங்கிவிடும். எந்தெந்தப் பாடம் என்று கேட்பவர் அபூர்வம். கேட்கிற ஒருவரும், "சோஷியாலஜி என்றால் சோஷியல் ஒர்க்தானே?" என்பார். (இல்லை. கிணற்றில் ஏன் நீர் வற்றியது என்று ஆராய்வதும் தண்ணீர் லாரி அனுப்புவதும் வேறு வேறு வேலை.)

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினாறு வயதில் இந்தப் பாடத்தைக் கண்டு முகம் சுளிக்கிற அதே குடும்பம், பிள்ளைக்கு ஐ.ஏ.எஸ். ஆசை வந்ததும் இதற்கே பயிற்சி மையத்தில் பணம் கட்டி இடம் பிடிக்கிறது. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் விருப்பப்பாடத்துக்கு இரண்டு தாள், மொத்தம் 500 மதிப்பெண். சமூகவியலை எடுப்பவர்களில் பொறியாளர்களும் உண்டு. அவர்களில் சிலர் என் பழைய பி.யூ.சி. குறிப்பேட்டைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

வேலைவாய்ப்புக்காக மட்டும் இதைப் படியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். முதலாண்டு மாணவிகளின் சேர்க்கைப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் பாதிக்கு மேல் 'இல்லத்தரசி' என்றே இருந்தது. அவர்களில் பலர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நம்ப முடியவில்லை. ஒரு வாரம், அம்மா எழுந்தது முதல் படுக்கும் வரை மணிக்கு மணி என்ன செய்கிறார் என்று எழுதி வரச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை, மதிப்பெண்ணும் கிடையாது.

ஒரு பெண்ணின் நோட்டில் ஏழு நாளும் மதியம் ஒன்று முதல் மாலை ஆறு வரை ஒரே வரி: 'ஊதுவத்தி உருட்டுதல்'. பலகையைச் சாய்த்துப் போட்டு, கரித்தூளும் பசையும் கலந்த மாவை மூங்கில் குச்சியில் உருட்டுவது. மாவும் குச்சியும் வெளியிலிருந்து ஒருவர் எடையிட்டுக் கொடுப்பார்; ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த நோட்டின் ஓரங்களெல்லாம் கறுப்பாக இருந்தன. உருட்டியது அம்மா மட்டுமல்ல என்று அப்போதுதான் கவனித்தேன். "அப்படியானால் படிவத்தில் ஏன் இல்லத்தரசி என்று எழுதினாய்?" என்று கேட்டேன். "அம்மாதான் அப்படி எழுதச் சொன்னார், மிஸ். 2011-இல் கணக்கெடுக்க வந்தவரிடமும் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்றார்."

அன்று புத்தகத்தைத் திறக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண்டுக்கு 183 நாளாவது வேலை செய்பவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுங்காலத் தொழிலாளர் என்று பலகையில் எழுதினேன். அந்தப் பெண் நாட்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா முதன்மைத் தொழிலாளர், மிஸ்." அதற்குமேல் நான் என்ன பாடம் நடத்துவது?

இந்தப் பாடம் உங்கள் நாளிதழுக்கும் தேவை என்பேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஆதிக்க சாதி' என்ற சொல் உங்கள் பக்கங்களில் வாரத்துக்கு நாலு முறையாவது வருகிறது, பெரும்பாலும் 'உயர்சாதி' என்ற பொருளில். அந்தக் கருத்தை உருவாக்கியவர் மைசூரில் பிறந்த எம்.என். சீனிவாஸ். 1948-இல் மைசூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து, அதற்கு ராம்புரா என்று புனைபெயர் இட்டார். அங்கே ஆதிக்க சாதி என்று அவர் காட்டியது பிராமணர்களை அல்ல, உழவரான ஒக்கலிகரை. தலைக்கணக்கு, நிலம், உள்ளூர் அரசியல் பலம் எல்லாம் ஓரிடத்தில் சேரும்போதுதான் ஆதிக்கம்; சடங்கில் முதலிடம் மட்டும் போதாது. 'ஓட்டு வங்கி' என்று தேர்தல்தோறும் எழுதுகிறீர்களே, அதையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தக் கிராமத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் செப்பனிட்ட குறிப்புகளின் மூன்று பிரதிகளும் 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. மனிதர் உட்கார்ந்து நினைவிலிருந்தே நூல் எழுதினார். இதை வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிரும். தேர்விலோ, 'சமஸ்கிருதமயமாதல் என்ற சொல்லை உருவாக்கியவர் யார்?' என்ற ஒரு மதிப்பெண் கேள்வியாக அவர் சுருங்கிவிடுகிறார். (கீழ்ப்படியில் வைக்கப்பட்ட சாதி, மேல்சாதியின் பழக்கவழக்கங்களைப் பின்பற்றி மேலேற முயல்வதற்கு அவர் வைத்த பெயர் அது.)

குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. 'சமூகவியலின் தந்தை ஆகஸ்ட் காம்டே' என்று தொடங்கி, நோட்ஸ் சொல்லி எழுதவைத்து, பிப்ரவரிக்குள் முடித்துவிடுகிற ஆசிரியர்கள்தான் அதிகம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். 2023-24 முதல் எழுத்துத் தேர்வு 80, அகமதிப்பீடு 20 என்று பிரித்து, செயல்திட்டத்தையும் சேர்த்தபோது மகிழ்ந்தேன். நான் ஓய்வு பெறப்போகும் நேரத்தில் ஊதுவத்தி நோட்டுக்கு மதிப்பெண் வந்துவிட்டதே என்று! அடுத்த ஆண்டே ஒரு கல்லூரி எதிரிலுள்ள ஜெராக்ஸ் கடையில் 'கூட்டுக்குடும்பம்' பற்றிய செயல்திட்டம் அட்டை போட்டுத் தயாராகத் தொங்கியது. பெயரும் பதிவெண்ணும் எழுதும் இடம் மட்டும் காலி. வாங்கிய பிள்ளைகளில் ஒருத்தியைக் கேட்டேன். அவள் வீட்டில் தாத்தா, பாட்டி, சித்தப்பா குடும்பம் எல்லாம் சேர்ந்து பதினொரு பேர்!

இனி 2027-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் கணக்கெடுக்கப் போகிறார்கள். முடிவுகள் வெளியானதும் உங்கள் அலுவலகம் உட்பட எல்லாரும் அந்த எண்களை வைத்துச் சண்டை போடுவோம். ஓர் அட்டவணையில் யார் எண்ணப்பட்டார், யார் விடுபட்டார், கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்று பார்க்கத் தெரிந்த பதினேழு வயதுப் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்?

அடுத்த ஆண்டு இணைப்பில் எனக்கு நான்கு பக்கம் வேண்டாம். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, இந்தப் பாடத்தில் என்ன படிப்பார்கள் என்று எட்டு வரி போடுங்கள். எழுத ஆள் கிடைக்காவிட்டால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
அல்சூர், பெங்களூரு.